சவரிமுத்து சாரும் துடுப்பு வெட்டிய விராலும்

செவ்வாய்க்கிழமை காலை, தி. நகரில் எங்கள் பாத்திரக்கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சவரிமுத்து சாரின் மகள் ரெஜினா. “அண்ணாச்சி, அப்பா போய்ட்டாரு. தூக்கத்துலயே. முகத்துல ஒரு வலி இல்ல.” என் கை தானாக விட்டுவிட்டது. ஷட்டர் விழுந்த சத்தம் மாம்பலம் ரயில் நிலையம் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

நம் ஏரியில் தூண்டில் போடுகிறவர்களும் காலை நடைக்கு வருகிறவர்களும் சேர்ந்து, அவரைப் பற்றி எழுத என்னைத்தான் பிடித்தீர்கள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் பேச ஆரம்பித்தால் வாத்தியார்களே வாய் மூடிக் கேட்பார்கள். எழுத்து மட்டும் என்ன, பேச்சைக் காகிதத்தில் உட்கார வைப்பதுதானே.

அவரை முதலில் பார்த்தது வேளச்சேரிப் பக்கத்து நம் ஏரிப் பூங்காவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஒரு விரால் என் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயிருந்தது. விரால் பிடித்தவனுக்குத் தெரியும், அது இரையைக் கடிப்பதில்லை, அடிக்கும். தூண்டிலில் கட்டிய ரப்பர் தவளையை இலை ஓரமாக இழுத்தால், தண்ணீர் வெடித்து மேலே வரும். போன மீன் என் கை நீளம் இருந்தது என்று ஐந்தாறு பேருக்கு நான் காட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பையிலிருந்து டேப்பை எடுத்து, நீட்டிய என் கையை அளந்தார்.

“அறுவத்தெட்டு சென்டிமீட்டரு. அவ்ளோ நீட்டு விராலு இங்க கீதுன்னா, ஏரில ஒரு வாத்து மிஞ்சாது அண்ணாச்சி.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் கோபம். அடுத்த நிமிடம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர்க்காரர், அங்கே ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சோடியத்தை அளந்த கை. மீனை மட்டும் விடுமா? “தண்ணில வளராத மீனு உங்க வாயில வளருது” என்று அன்றைக்குச் சொன்னவர், கடைசி வரை வாரம் ஒரு முறையாவது சொன்னார்.

நம் ஏரியில் விரால் அருகிப் போனபோது, குஞ்சு கொண்டுவந்து விட வேண்டும் என்று மனு எழுதியவர் அவர்தான். அதை மீன்வளத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த அத்தனை பேரையும் என் பேச்சால் எழுந்து நிற்க வைத்தது நான். பிளாஸ்டிக் பைகளில் காற்றடைத்துக் குஞ்சுகள் வந்தன. சார் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு குஞ்சையும் ஈரக்கையில் ஏந்தி, சின்னக் கத்தரியால் வயிற்றின் இடதுபக்கத் துடுப்பை அடியோடு வெட்டினார். பிற்பாடு தூண்டிலில் சிக்கினால், அது நாம் விட்ட மீன்தான் என்று தெரிய வேண்டுமாம். பெரியதை ஒரு தொட்டியிலும் சிறியதை இன்னொரு தொட்டியிலும் போட்டார்.

எனக்குப் பசி. ஒரே தொட்டியாக இருந்தால் தூக்கிப் போவது சுலபம் என்று, அவர் கை கழுவப் போன நேரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு தோசை சாப்பிடப் போனேன். விரால் தன் கூடப் பிறந்ததையே தின்னும் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது ஒரு குஞ்சின் வாயில் அதன் தம்பியின் வால் ஆடிக்கொண்டிருந்தது. சார் என்னைத் திட்டவில்லை. குனிந்து பார்த்தார். “மூணுல ஒரு பங்கு காலி. பரவால்ல, மிச்சம் கீறதெல்லாம் நல்லா துன்னு கீது” என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. துடுப்பு வெட்டிய மீன் ஒன்றுகூட யாரிடமும் சிக்கவில்லை. குஞ்சு கொடுத்த அலுவலகத்து மேடம் வந்தார். “இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு மீனாவது காட்டுங்க சார். இல்லன்னா விரால் இங்க ஒத்துவரலன்னு எழுதிட்டு, அடுத்த குஞ்சை வேற ஏரிக்குக் குடுத்துடுவோம்.”

சாரின் முகம் சின்னதாகிவிட்டது. அந்த மூன்றில் ஒரு பங்கு என் நெஞ்சில் நீந்தியது. முன்னால் போய் நின்றேன். “மேடம், போன வாரம் நானே பிடிச்சேன். அஞ்சு கிலோ. இடது துடுப்பு கிடையாது. முத்தம் குடுத்துத் தண்ணியில விட்டேன்.” அப்படியொரு குரலில் சொன்னேன். மேடம் பேனாவைத் திறந்துவிட்டார்.

“அதை எழுதாதீங்க மேடம்” என்றார் சார். “அண்ணாச்சி தங்கமான மனுசன். ஆனா மீனு புடிக்கல.”

மேடம் போனதும் நான் கத்தினேன். “என்ன சார், கைக்கு வந்ததக் கெடுத்துட்டீயளே! உங்களுக்காகத்தான சொன்னேன்?”

“இல்லாத மீனைக் காட்டி இன்னொரு லாட் குஞ்சு வாங்கி விட்டு, அதுங்களும் செத்தா யாருக்குப் பாவம்? ஏரிக்கு ஒத்துக்கலன்னா ஒத்துக்கலதான். அதைத் தெரிஞ்சிக்கத்தான நைனா துடுப்பை வெட்னேன்?”

இரண்டு நாள் நான் யாரிடமும் பேசவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக் கடையில் மிளகு ரசம் வாங்கி வைத்தார்கள். மூன்றாம் நாள் தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். தினமும் விடிந்ததும் இரண்டு பேரும் வீசினோம். ஜிலேபி மீன் வந்தது, கெளுத்தி வந்தது, ஒரு செருப்பு வந்தது.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, மழை விட்ட காலையில், அவருடைய தவளை மேல் தண்ணீர் வெடித்தது. கோலை என்னிடம் கொடுங்கள் என்றேன், கொடுக்கவில்லை. மீன் கரைக்கு வந்ததும் புரட்டினார். இடது பக்கம் வழுவழு என்று வெறுமையாக இருந்தது. டேப்பை எடுத்து மூக்கிலிருந்து வால் வரை அளந்தார்.

“நாப்பத்தொண்ணு.”

“அறுபதுன்னு சொல்லுவோம் சார். நாம ரெண்டு பேருதான இருக்கோம்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, அது தானாக வாலை வீசிப் போகும் வரை சார் குந்தியே இருந்தார். அடுத்த லாட் குஞ்சும் வந்தது. இந்த முறை இரண்டு தொட்டிக்கும் நடுவில் நாற்காலி போட்டு நான் காவல் இருந்தேன். தோசை என்னைத் தேடி வந்தது.

அடக்கம் முடிந்து மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய மாதா கோயில்காரர் ஒருவர் கேட்டார்: “சாரு ஒரு விராலு புடிச்சாராமே, எம்மாம் பெருசு?” பத்துப் பதினைந்து பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். இப்படி ஒரு கூட்டம் எனக்கு அமைந்து நாளாயிற்று. வாயைத் திறந்தேன்.

“நாப்பத்தொண்ணு சென்டிமீட்டர்” என்றேன்.

ரெஜினா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

நான் பிடித்த மீன்களெல்லாம் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அதை யாராலும் தடுக்க முடியாது. சவரிமுத்து சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு மீனைத்தான். அது மட்டும் என்னிடம் நாற்பத்தொன்றிலேயே இருக்கும்.