பாதி தாடியோடு ஒரு நேர்காணல்

வீடில்லாதவர்களுக்கு உதவும் குழுவில் ஏன் சேர்ந்தாய் என்று கல்லூரியில் ஜூனியர்கள் கேட்கிறார்கள். தொண்டு, சமூக அக்கறை என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். அந்த வார்த்தைகளைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். சும்மா ஒரு சனிக்கிழமை நண்பனோடு சாப்பாட்டுப் பொட்டலம் தூக்கப் போனவன் நான். அதன் பிறகும் விடாமல் போனதற்குக் காரணம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குச் சிரித்ததுபோல் நான் வாழ்நாளில் சிரித்ததில்லை.

தாம்பரம் ஸ்டேஷனின் மேற்குப் பக்கம், நடைமேம்பாலப் படிக்கட்டுக்கு அடியில் ஓர் அண்ணன் படுத்திருப்பார். ஐம்பது வயதிருக்கும். தாடி நெஞ்சைத் தொடும். மாடம்பாக்கத்தில் என் நண்பனின் பெரியம்மா குடியிருக்கும் அபார்ட்மென்டில் வாட்ச்மேன் வேலை காலி என்று தெரிந்ததும் அவரைப் பற்றிச் சொல்லிவைத்தோம். சம்பளத்தைவிட, தங்க ஒரு ரூம் தருவார்கள் என்பதுதான் பெரிய விஷயம். பூட்டுப் போடக் கதவு உண்டா என்று மட்டும் அவர் கேட்டார். உண்டு என்றோம். தலைமாட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய் மாலை நாலு மணிக்கு ஆளைப் பார்க்கிறேன் என்றார் அபார்ட்மென்ட் செக்ரட்டரி. அன்று மதியம் முடிவெட்டி, தாடி எடுத்து, நண்பனின் சட்டையை மாட்டி அழைத்துப் போவது எங்கள் திட்டம். முதல் சலூன் மூடியிருந்தது. அடுத்ததும் மூடியிருந்தது. மூன்றாவது ஷட்டருக்கு முன்னால் நின்று திருதிருவென்று விழித்தோம்.

"செவ்வாக்கெழம எவன் சலூன் தொறப்பான்?" என்றார் அண்ணன் சாவதானமாக.

"முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணா?"

"நீங்க எதுனா சொல்லிவச்சிகினு இருப்பீங்கனு நெனச்சேன் தம்பி."

ஹாஸ்டலில் ஒருவருக்கொருவர் டிரிம்மர் போட்டுக்கொள்ளும் கூட்டம் நாங்கள். சலூனுக்கு விடுமுறை நாள் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. நண்பன் ஓடிப்போய் அந்த டிரிம்மரை எடுத்து வந்தான். தலைமுடியை ஒருவழியாக முடித்து, தாடியில் பாதி தாண்டியபோது அது முனகிவிட்டு நின்றது. சார்ஜர் ஹாஸ்டலில்.

நண்பன் மறுபடி ஓடினான். சார்ஜரோடு வந்ததும் பக்கத்து டீக்கடை அக்காவிடம் கெஞ்சி பிளக்கில் மாட்டினோம். ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னத்தில் காடு தொங்க, அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். என் போனை வாங்கி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்துக்கு வேல கெடச்சிடும். அந்தப் பக்கந்தான் டவுட்டு."

டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அக்கா வடைக் கரண்டியோடு சுவரில் சாய்ந்து சிரித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக அந்தப் பக்கம் பார்க்காமலே நடப்பவர்கள் அவர்கள்.

தாடி போனது. மீசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று இடது பக்கம் கொஞ்சம் எடுத்தேன். சரிக்கட்ட வலது பக்கம் கொஞ்சம். பிறகு மறுபடி இடது. கடைசியில் மீசையே இல்லை. அண்ணன் உதட்டுக்கு மேல் தடவிப் பார்த்துவிட்டு, "மீச இல்லாத வாட்ச்மேனா? திருடன் சிரிப்பான் தம்பி," என்றார். ஷேர் ஆட்டோவில் மாடம்பாக்கம் போகும் வழியெல்லாம் நாங்கள் சிரித்துக் குலுங்கினோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து முறைத்தார்.

கேட் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் மட்டும் உள்ளே போனார். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். ஒரு மீசைக்காக அந்த ரூம் போய்விட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று நிஜமாகவே பயந்தேன். உள்ளே செக்ரட்டரியின் குரல் கேட்டது.

"மீசை எங்கப்பா?"

"வளந்துனு கீது சார். எனக்கு முன்னாடி அது டியூட்டிக்கு வந்துடும்."

செக்ரட்டரி சிரிப்பது கேட் வரைக்கும் கேட்டது. அண்ணன் வெளியே வந்தபோது உள்ளங்கையில் ஒரு சாவி இருந்தது. நண்பன் என்னைத் தூக்கிச் சுற்றினான். இருவரும் செடித் தொட்டிமேல் விழுந்தோம்.

அடுத்த சனிக்கிழமை பார்க்கப் போனோம். காக்கிச் சட்டையில் அண்ணன் கேட்டை மறித்து நின்றார்.

"யாரப் பாக்கணும்?"

"உங்களத்தான்ணா."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த செக்ரட்டரியைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "சார், கொஞ்சம் கேட்டப் பாத்துக்கோங்க. எங்க வூட்டுக்கு ஆளு வந்துகீறாங்க."