நைனாவின் வாட்ச் செயின்

புளியைக் கரைக்கும்போது மற்றவர்களுக்கு ரசம் நினைவுக்கு வரும். எனக்கு நைனாவின், அதாவது என் அப்பாவின், கைக்கடிகாரம் நினைவுக்கு வரும். சொன்னால் சிரிப்பீர்கள். இன்று காலையும் அப்படித்தான்: இடுப்பில் மகள், விரலெல்லாம் புளி, மனம் மட்டும் ராயபுரத்துப் பழைய வீட்டின் குழாயடியில். (அடுப்பருகே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாதென்று தெரியும். இறக்கிவிட்டுத்தான் தாளித்தேன்.)

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா குத்துவிளக்கை என்னிடம் தேய்க்கக் கொடுப்பாள். கூடவே நைனாவின் வாட்ச்சும் வரும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவர் வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அதைக் கழற்றுவார். வெளிநாட்டுக் கப்பல் அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது பரிசாகக் கொடுத்த சுவிஸ் வாட்ச் என்பது அவர் கட்சி. “பர்மா பஜார்ல வாங்கிக்கினு வந்துட்டு, கதைய பாரு” என்பது அம்மா கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேராமல், புளியும் செங்கல் தூளும் வைத்து அந்த எஃகுச் செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பேன். விளக்குக்கு நல்லது வாட்ச்சுக்கும் நல்லதுதானே. அறிவியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வருடம் ஏற ஏறக் கண்ணிகள் தளர்ந்தன. நைனா படியேறும்போதே சலங் சலங்கென்று கேட்கும். அதைக் கேட்டுத்தான் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். நான் கதைப் புத்தகத்தைப் பாடப் புத்தகத்துக்கு அடியில் தள்ளுவேன். எத்தனையோ வருடம் கழித்து என் மகள் முதன்முதலில் தலையைத் திருப்பியதும் அந்தச் சத்தத்துக்குத்தான்.

சில மாதங்களுக்கு முன்பு, நைனா அவளைத் தூக்கிக் கொஞ்சும்போது தளர்ந்த இரண்டு கண்ணிகளுக்கு நடுவே அவள் முடி சிக்கிக்கொண்டது. நாலைந்து முடிதான். அவள் வீறிட்டதில் நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. அதன் பிறகு அவர் பேத்தியைத் தூக்கவே இல்லை.

“கயட்டி வச்சிட்டு தூக்கேன்யா, இன்னா இப்போ?” என்றாள் அம்மா.

“அது இல்லாத கைய நா நம்ப மாட்டேன்.”

முப்பது வருடம் ஆட்களின் தலைக்கு மேலே பாரம் தூக்கிய கை. ஒருவர் மீதும் எதுவும் விழுந்ததில்லை. அந்தக் கையோடு என்ன வாதாடுவது?

பழைய வண்ணாரப்பேட்டையில், நகைக் கடைகளுக்கு லேசரில் பற்றவைத்துக் கொடுக்கும் நஸ்ரினிடம் வாட்ச்சை, நைனாவிடம் கெஞ்சி வாங்கி, எடுத்துப் போனேன். என் வயதுதான் இருக்கும். போகும் வழியெல்லாம் கவலை. சரிசெய்யப் போய் கெட்டுவிட்டால்? போலி என்று சொல்லிவிட்டால்? பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

அவள் கொக்கியின் உள்பக்கத்தை லென்ஸில் நெடுநேரம் பார்த்தாள். “ஒரிஜினல்தான்க்கா. ஆமா, இத இன்னாத்த போட்டு தேய்ச்சீங்க?”

“புளி. கொஞ்சம் செங்கல் தூளு.”

“நல்லவேள, அப்படியே கொழம்பு வெக்காம வுட்டீங்க.”

நான்தான் தேய்த்துத் தேய்த்துக் கெடுத்துவிட்டேனா என்று மெதுவாகக் கேட்டேன்.

“மேல இருக்குற கீறல் உங்களுது. தளர்ந்தது உங்களால இல்ல. இத பாருங்க.”

செயினைக் கழற்றி ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் இறக்கி, அதிர்வில் அழுக்கெடுக்கும் இயந்திரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம். கண்ணிகளுக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ புகைபோல் இறங்கியது. கூடவே துருச்சிவப்பு. துறைமுகத்துக் கரித்தூள். இரும்புத்தாது. அந்நாளில் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் படிந்து, அம்மாவிடம் திட்டு வாங்கிய அதே தூள்.

“இது அரம் மாதிரிக்கா. கை ஆட ஆட, கண்ணிய கோக்குற ஊசியையும் ஓட்டையையும் தின்னுகினே இருந்துருக்குது.”

வெள்ளிக்கிழமைதோறும் நான் வெளியே பளபளப்பாக்கிய செயினுக்குள் நைனாவின் வேலை முழுவதும் இருந்திருக்கிறது. அது இப்போது ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்ட ஓட்டைகளில் முடி போன்ற எஃகுக் கம்பியை உருக்கி நிரப்பினாள். மறுபடி வட்டமாகத் துளைத்துப் புது ஊசி செருகினாள். ஒவ்வொரு பொறியும் கடுகைவிடச் சிறியது.

“மூச்சு வுடுங்கக்கா, லேசர் ஒண்ணும் பறந்துராது.”

மறுவாரம் போனபோது செயினைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக் காட்டினாள். முன்பு நனைந்த ரிப்பன் போலத் தொங்கியது, இப்போது ஸ்கேல் போல நேராக நின்றது.

நைனா அதை அணிந்துகொண்டு முதலில் தன் நரைத்த தலையில் மேலும் கீழும் உரசிப் பார்த்தார். ஒரு முடியும் சிக்கவில்லை. “குடு” என்றார். கீழே ஆட்கள் நிற்பதுபோல அவ்வளவு மெதுவாக அவளை உயர்த்தினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

துறைமுகத்தில் கரி இறக்குவதை நிறுத்திவிட்டதால் இப்போதெல்லாம் எங்கள் கொடியில் சட்டைகள் வெள்ளையாகவே காய்கின்றன. நேற்று மாலை நைனா படியேறி வந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மகள் வாசலுக்கு முதுகைக் காட்டியபடி கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் மணிக்கட்டை இரண்டு முறை உதறினார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை உதறிப் பார்த்துவிட்டு, “கண்ணு, தாத்தா வந்துகீறேன்” என்றார்.