இரண்டேகால் மீட்டர்

ஆற்றுப் பாலத்தின் மூன்றாவது தூணில் வரைந்திருக்கும் அளவுகோலைத் தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்து, தண்ணீர் மட்டத்தை ஆபீசுக்குப் போனில் சொல்வதுதான் அவருடைய உத்தியோகம். ஊரே அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடும். இருபத்திரண்டு வருஷமாக ஆற்றின் முகத்தில் விழித்தும் ஒரு நாள்கூடக் கால் நனைக்காத மகானுபாவர்.

ஆனால் அதே ஆற்றில் படகு விடத் திட்டம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தாரானால் அக்காவுக்குத் தட்டு வைக்க இடமிருக்காது. மர ஆலைக்குப் பின்னால் ரப்பர் படகை இறக்குவது. முதல் இரண்டு பாறைச் சரிவுகளை இடது பக்கமாகத் தாண்டுவது. மூன்றாவதில் நுரை அடங்கும்வரை துடுப்பை நிறுத்தாமல் போடுவது. அக்கா புருஷன் முன்னால், இவர் பின்னால். தண்ணீர் இரண்டேகால் மீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் பாறை படகைக் கிழிக்கும், கூடினால் ஆளையே புரட்டிப்போடும்.

வருஷத்துக்கு நாலைந்து நாள் அந்த அளவு வரத்தான் செய்தது. வந்த நாளெல்லாம் இவர், "இன்னும் ஜாஸ்தியா இருக்கு மச்சான், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். மூன்றாவது சரிவில் ஒரு முழு மரம் இரண்டாகப் பிளந்து போனதைக் கண்ணால் பார்த்தவர். பயம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். இப்படியே ஒன்பது வருஷம் ஓடிப்போயிற்று.

இந்த வருஷம் மச்சானுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் சரியாக இரண்டேகாலில் நின்றது. அளவுக்காரர் ஆபீசுக்குச் சொல்லிவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார். மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எவ்ளோ மாப்ள?"

வழக்கமான பொய் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"ரெண்டேகால். போன வருஷமும் இருந்துச்சு மச்சான். அதுக்கு முந்தியும் இருந்துச்சு. நான்தான் பயந்துக்கிட்டு..."

"தெரியும்."

"எப்படி?"

"பாலத்துல நின்னு பாத்தா எனக்கு நம்பர் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் எட்டிப் பாத்துட்டு வந்துதான் உன்கிட்ட கேப்பேன்."

"அப்ப வேற யாரையாவது கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "நீயா ஒரு நாள் 'வாங்க போலாம்'னு சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்டா."

அளவுக்காரரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பயமா இருக்கு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மச்சான் எப்படியாவது தைரியம் சொல்லிக் கூட்டிப் போயிருப்பார் என்பது இப்போதுதான் உறைத்தது. பின்னறையில் படகு, வாங்கி வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே, ஒட்டின டேப்கூடப் பிரிக்காமல் இருந்தது.