புன்னைக்கு மூன்றாவது கல்லறை

ஒகி புயலில் குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்கள் ஒடிந்து விழுந்ததே, அதற்கு அடுத்த ஈஸ்டர் சமயம். எல்லாரும் ரப்பர் போன கதையைத்தான் பேசினார்கள். எனக்குப் போனது ஒரு புன்னை மரம்.

கொட்டாரத்துக்குக் கிழக்கே, எங்கள் பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில் அது நின்றது. எனக்கு எழுத்து தெரியாது. அம்மையின் கல்லறையில் எழுத்தும் கிடையாது, வெறும் சுண்ணாம்பு மேடு. சின்ன வயதில் அப்பா காட்டித் தந்தபடி, புன்னையிலிருந்து மூன்றாவது என்று எண்ணி, வருஷந்தோறும் ஈஸ்டருக்கு முந்தின நாள் வெள்ளையடித்துவிட்டு வருவேன். அந்த வருஷம் போனால் மரத்தின் வேரைக்கூடத் தோண்டி, மண்ணை நிரத்தியிருந்தார்கள். எங்கிருந்து எண்ணுவது? எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு மேட்டுக்கு வெள்ளையடித்தேன்.

குலசேகரத்தில் படுக்கையில் கிடந்த அக்காவிடம் வந்து சொன்னேன்.

"மத்த மூணு பேருக்க பிள்ளையளும் ஒனக்கு நன்றி சொல்லும். நம்ம அம்மை எங்கலே?" என்றாள். பிறகு, "நான் கண்ணை மூடுகதுக்கு முன்ன அம்மைக்க பேரைக் கல்லுல வெட்டி வைக்கணும். பேரையும் கேட்டுட்டு வா" என்றாள்.

பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. அம்மை போகும்போது அக்காவுக்கு ஐந்து வயது, எனக்கு மூன்று. அதுவரை தோப்புக் காவல் பார்த்துவந்த அப்பா வேறு கல்யாணம் கட்டி, ரப்பர் பால் வெட்ட எங்களை மலையடிவாரத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். சித்தி நல்லவள்தான். ஆனாலும் அந்த வீட்டில் முந்தினவளின் பெயரை யார் எடுப்பார்கள்? அக்காவுக்கு ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது: அதே வாரம் பனையிலிருந்து விழுந்து செத்த ஒருவருக்கும் அம்மைக்கும் அடுத்தடுத்துக் குழி.

மறுபடி போனேன். ஆலயப் பணிவிடை பார்க்கும் கோயில்பிள்ளை அடக்கப் பதிவேட்டை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது.

"பேரு சொல்லும், பாட்டா."

"பேரு தெரிஞ்சா நான் எதுக்குடே வாறேன்?"

பனையேறியைச் சொன்னேன். பக்கம் பக்கமாகத் தேடி அவரைப் பிடித்துவிட்டார். அடுத்த வரியில், தோப்புக் காவல்காரர் மனைவி, வயது இருபத்தாறு. அவ்வளவுதான். பனையேறியின் மகன் கொழும்பில் சம்பாதித்து அப்பனுக்குக் கல் நட்டிருந்தார். கோயில்பிள்ளை அந்தக் கல்லை வாசித்துக் காட்டினார். அங்கே குழி வெட்டுவது வலமிருந்து இடமாகத்தான் என்பதால், அதற்கு இடப்பக்கம் அம்மை. நான் அடித்த நான்கில் அதுவும் ஒன்று.

அக்காவுக்கு அது போதவில்லை. "பேரு கேட்டுட்டு வான்னா வயசைக் கேட்டுட்டு வந்து நிக்கியா?" என்றாள். சற்றுப் பொறுத்து, "இருபத்தாறு... எனக்க பேத்திக்கே இதைவிட ரெண்டு கூடுதல்லா" என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் முறை போனபோது கோயில்பிள்ளைக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"பாட்டா, ஒமக்கு ஞானஸ்நானம் எங்க?"

"இங்கதான். பின்ன எங்க?"

"அதை முன்னமே சொல்லப்பிடாதா!"

வேறொரு புத்தகம் வந்தது. என் பெயர், பக்கத்தில் அப்பா, அதற்கும் பக்கத்தில் அம்மை. செத்தபோது எழுதாத பெயரை, என்னைப் பெற்றபோது எழுதியிருக்கிறார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் என் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

சீட்டில் எழுதித் தந்தார். எனக்குச் சீட்டில் நம்பிக்கை இல்லை. பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "ஜெபமா, பாட்டா?" என்றாள்.

"அம்மைக்க பேரு" என்றேன்.

அக்கா அதைக் கேட்டுவிட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இவ்வளவு நல்ல பேரை வச்சுக்கிட்டு அப்பா ஏட்டீ, ஏட்டீன்னுல்லா விளிச்சாரு" என்றாள். கல் நட்ட அன்று அவளால் வர முடியவில்லை. பேத்தி போனில் படம் காட்டினாள். எழுத்து தெரியாத அக்கா, அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்ல, என் மகள் இதை எழுதுகிறாள். உங்களுக்குத் தெரிந்த யாராவது கல்லறைத் தோட்டத்தில் பெயர் தெரியாமல் நின்றால், பிள்ளைகளின் ஞானஸ்நானப் புத்தகத்தையும் புரட்டச் சொல்லுங்கள். அவர்களும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.