கொம்பும் கூரையும் வைத்த விசைகள்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் நெல்லித்தோப்பில் நான் வேலை செய்த டி.டி.பி. கடையில், தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்குக் காரணம் நானே அமைத்துக்கொண்ட விசைப்பலகை. பிரான்ஸில் உறவு உள்ளவர்கள் கல்யாணப் பத்திரிகையின் ஒரு பக்கத்தைத் தமிழிலும் மறுபக்கத்தைப் பிரெஞ்சிலும் அடிப்பார்கள். பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் வரும் குறிகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டியைத் திறந்து மவுஸால் தேட வேண்டும். கண் எரியும். கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வருகிறவர், எந்த விசை எந்த எழுத்தைத் தர வேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ளும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். அந்தக் குறிகளின் பெயர்கள் தெரியாது. வலப்பக்கம் சாய்ந்தால் வலக்கொம்பு, இடப்பக்கம் சாய்ந்தால் இடக்கொம்பு, தொப்பி மாதிரி இருந்தால் கூரை, சி-யின் கீழே தொங்கினால் வால். பழைய பத்திரிகைகளைப் பரப்பிப் பார்த்தேன். வலக்கொம்பு வைத்த எழுத்துதான் அதிகம் வந்தது. எனக்குப் பயன்படாத கேப்ஸ் லாக்கை அடுக்கு மாற்றும் விசையாக்கினேன். இடது சுண்டுவிரல் அதை அழுத்தியிருக்கும் வரை வலக்கையின் கீழுள்ள விசைகள் கொம்பும் கூரையும் தரும். விட்டால் பழையபடி ஆகிவிடும். வலக்கொம்பை ஆள்காட்டி விரலுக்குக் கொடுத்தேன். கூரையை முதலில் மோதிர விரலுக்கு வைத்து, விரல் வலித்ததால் நடுவிரலுக்கு மாற்றினேன்.

"நம்ம ஆளு ஃபிரெஞ்சுல பின்னுவான்" என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்வார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மறுத்துப் பேச வெட்கம். உள்ளுக்குள் அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

ஒருநாள் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். பிரெஞ்சுப் பக்கத்தைப் பாரிஸில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் அடித்து ப்ரூஃப் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இது என் சம்சாரம் பேரு. போன வருசம் போய்ச் சேந்துட்டா. உயிரோட இருக்கறா மாதிரி போட்டிருக்காங்களா, எறந்துட்டான்னு போட்டிருக்காங்களா? கோயில்ல எல்லாரும் படிப்பாங்க."

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வலக்கொம்பு வைத்த சின்ன வார்த்தை ஒன்று இருந்தது. எத்தனையோ பத்திரிகைகளில் அதை அடித்திருக்கிறேன்.

"சரியாத்தான் இருக்குங்கய்யா."

"இந்தச் சின்ன வார்த்தையா?"

தலையாட்டினேன். அவர் முகம் லேசாகிவிட்டது.

"எங்க, அத வாய்விட்டு ஒருதரம் படிங்க. சம்பந்தி ஃபோன் பண்ணா நானும் சொல்லணும்ல."

நான் விசைப்பலகையின் மேல் குனிந்துகொண்டேன். முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"படிச்சுக் காட்டுய்யா. என்னா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி குனிஞ்சிக்கினு இருக்க?"

"படிக்கத் தெரியாதுங்க. பாத்து அடிக்க மட்டும்தான் தெரியும்."

முதலாளி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

"அப்ப எதுக்குத் தம்பி தலையாட்டுன?"

அவர் ப்ரூஃபை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவரிடம் அதைக் காட்டியிருக்கிறார். அந்தச் சின்ன வார்த்தைக்கு இன்னார் வீட்டில் பிறந்தவள் என்றுதான் பொருளாம். இறந்தவள் என்று எங்கேயும் இல்லை. அதற்கான வார்த்தையை அந்த அம்மாளின் பெயருக்கு முன்னால் சொல்தாவே பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்.

பார்த்து அடித்தேன். கொம்பு இல்லை, கூரை இல்லை, வெறும் எழுத்துகள். இடது சுண்டுவிரல் பழக்கத்தில் கேப்ஸ் லாக்கின் மேல் போய் நின்றது. எடுத்துக்கொண்டேன்.

புது ப்ரூஃபை நீட்டியபோது பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. சொல்தா எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். நான் தினமும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

"சரியா இருக்கு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

என்னிடம் எதுவும் கேட்கவில்லை.