நடுவிலே ஒரு படி

பள்ளிச் சபைகூடலில் எங்களை உயர வரிசையில் நிற்க வைப்பார்கள். முதல் ஆள் எப்போதும் நான்தான். எனக்குப் பின்னால் நிற்பவள் ஆண்டுக்கு ஆண்டு மாறினாள். எனக்கு முன்னால் கொடிக்கம்பத்தைத் தவிர வேறெதுவும் நின்றதில்லை. இதைப் பற்றி என்னிடம் யாரும் பேசக்கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். சீருடை வாங்கப் போனால் அம்மாகூட அளவைக் கடைக்காரியின் காதோடுதான் சொல்வார்.

அந்தச் சட்டத்தை அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில், ஒரு கும்பலுக்கு நடுவில் உடைத்தார். எல்லாம் ஒரு பம்பரால் வந்த வினை.

அப்பாவிடம் ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி இருந்தது. வேலை நாட்களில் அவரோடு ஷா ஆலம் தொழிற்சாலைக்குப் போகும். ஞாயிறானால் கூட்டாளிகளின் வண்டிகளோடு சேர்ந்து கேரித் தீவுப் பக்கம் செம்பனைக் காட்டுச் சேற்றில் புரளும். அந்த ஆட்டத்துக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பம்பர் தாங்காது. பின்பக்கத்துக்கு இரும்பிலேயே ஒன்று செய்து பூட்டிவிடலாம் என்று முடிவு செய்து, வேலையை மாமாவிடம் கொடுத்தார்.

மாமா அம்மாவின் தம்பி. லோரி ஓட்டிப் பார்த்தார், கார் கழுவும் இடத்தில் நின்று பார்த்தார், கைப்பேசிக் கடையும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் வெல்டிங் கற்றுக்கொண்டு ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை போட்டிருந்தார். முதல் பெரிய வேலை எங்கள் பம்பர்தான். இது நன்றாக அமைந்தால் அப்பாவின் கூட்டாளிகளும் வண்டியைக் கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் இந்தப் பட்டறையையும் மூட வேண்டியதுதான் என்று அம்மா கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு வரும்போது, அப்பா ஸ்பீக்கரில் மாமாவோடு பேசினார். அந்தப் பக்கம் கிரைண்டர் காதைக் கிழித்தது.

“ஸ்பேர் டயரு இடது பக்கம் லா. நடுவுல நான் சொன்னபடி வெச்சிரு.”

“என்னா மச்சான்? நடுவுல என்னா?”

“சொன்னபடி, சொன்னபடி வெச்சிரு.”

“ஆங், படி. ஓகே ஓகே, வெச்சிர்றேன்.”

அப்பா முன்பே சொல்லி வைத்திருந்தது கொக்கி. சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதற்கான தடித்த கொக்கி.

ஞாயிறு காலை அப்பாவின் கூட்டாளிகள் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். பம்பர் பூட்டி முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சேற்றுக்குப் போவதாக ஏற்பாடு. மாமா பழையதைக் கழற்றிப் போட்டார். புதியதை ஜாக்கியில் ஏற்றி, துளைக்குத் துளை சேர்த்து, போல்ட்டுகளை முடுக்கினார். கறுப்புச் சாயம் பளபளத்தது. இடது பக்கம் ஸ்பேர் டயர் மாட்டிய இரும்புக் கை கதவுபோல் சத்தமில்லாமல் திறந்து மூடியது. நடுவில், கொக்கி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு படி இருந்தது. கால் வழுக்காத சொரசொரத் தகடு, பிடித்து ஏறக் கைப்பிடி, எல்லாம் வைத்த நல்ல அகலமான படி.

கூட்டாளிகளில் ஒரு மீசைக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்னா பாஸ், ஸ்கூல் பஸ் ஓட்டப் போறீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். கொக்கி இல்லாமல் எப்படி இழுப்பது என்று ஒருவர் கேட்டார். மாமா திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தார். “மச்சான், நீங்கதான படி...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். உதடுகள் மட்டும் ஒருமுறை அசைந்தன. சொன்ன... படி.

எனக்கு விஷயம் தெரியும். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவளாயிற்றே. “அப்பா, நீங்க சொன்னபடினுதானே...” என்று வாயெடுத்தேன். அப்பாவின் கை என் தலைமேல் வந்து அழுத்தமாக உட்கார்ந்தது.

“நான்தான் கேட்டேன்,” என்றார். “எம் பொண்ணுக்காக. பாருங்க, இவ்ளோதான் இருக்கா. பின்னால ஏற எட்டல. அதான், கொக்கிய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல படி வைடான்னு சொன்னேன்.”

பச்சைப் பொய். டயரில் ஒரு காலை வைத்து ஒரே தாவில் ஏறுகிறவள் நான். என்னிடம் பெருமைப்பட இருந்ததே அது ஒன்றுதான். இப்போது அத்தனை பேரும் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். அதற்கு நேரம் அதிகம் பிடிக்கவில்லை.

“ஏறிக் காட்டு மா,” என்றார் மீசைக்காரர்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணால் ஏறச் சொன்னார். ஏறினேன். கை தட்டினார்கள். காது மடல்கள் எரிந்தன. கூசிக் குறுகிப்போனேன்; இருக்கிற உயரத்தில் இன்னும் குறுகவும் வழியில்லை. மாமாவின் தப்பை மறைக்க என்னைக் காட்டிக்கொடுத்த அப்பாவை ஜென்மத்துக்கும் மன்னிப்பதில்லை என்று படியின்மேல் நின்றபடியே முடிவெடுத்தேன்.

மீசைக்காரர் குனிந்து வெல்டிங் ஓடிய கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். “வேல சுத்தமா இருக்கு லா. எனக்கும் ஒன்னு செஞ்சி குடு, தம்பி. கொக்கியும் வெச்சிரு, வீட்டுக்காரிக்கு ஒரு படியும் வெச்சிரு.”

தம்பியைக் காணோம்.

நானும் அந்தக் கண்களிடமிருந்து தப்பிக்க இறங்கி வண்டியின் மறுபக்கம் ஓடினேன். அங்கே மாமா டயரோரம் குந்தியிருந்தார். நெற்றியில் கிடந்த வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டிருந்தார். தலை குனிந்திருந்தது, கை தரையைத் துழாவிக்கொண்டிருந்தது.

“என்னா மாமா?”

“நட்டு மா. ஒரு நட்டு விழுந்துருச்சி.” சளி பிடித்தவர்போல் குரல் அடைத்திருந்தது.

யார் முகத்தையும் பார்க்காமலிருக்க எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. மண்டியிட்டுத் தேடினேன். கால்வாய் ஓரத்தில் துருப்பிடித்த நட்டு ஒன்று அகப்பட்டது. ஏதோ லோரியுடையது போல என் உள்ளங்கையை நிறைத்தது.

“இதா மாமா?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சட்டைக் கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, அதை வாங்கிப் பார்த்தார்.

“இதேதான் மா,” என்று பத்திரமாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

பம்பரில் முடுக்கியிருந்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் என் விரல் தடிமன்தான். அவ்வளவு பெரிய நட்டை மாமா எதில் மாட்டப்போகிறார் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அப்பாவைக் கேட்டிருக்கலாம். அவரோடுதான் நான் பேசுவதில்லையே.