மஞ்சள் பூசிப் பார்த்த பூட்ஸ்

ராசாத்திக்கு இடது காலில் இரண்டு விரல் கிடையாது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும். எண்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எடுத்தார்கள். எடுத்ததைவிடப் பெரிய சங்கடம், அந்தக் காலில் புண் வந்ததே அவளுக்குத் தெரியாமல் போனது. சர்க்கரை வியாதி முற்றி இரண்டு பாதமும் மரத்துப் போயிருந்தன. முள் ஏறினாலும் கண்ணாடி கிழித்தாலும் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும். ஆற்றில் மீன் பிடிப்பவள் என்று தெரிந்ததும் இனிமேல் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது என்றார். அதில் 'வெறுங்காலோடு' என்ற வார்த்தை புருஷன் மூக்கன் காதில் விழவில்லை. இறங்கவே கூடாது என்பது மட்டும் நன்றாக விழுந்தது.

ஏற்காட்டு மலையில் வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவளுக்கு வேலை. வாரத்தில் ஆறு நாள் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பேர் கூப்பிடுவார், அவள் "இருக்கனுங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். அன்றைக்குக் கீழே ஆற்றில் இடுப்புத் தண்ணீரில் நின்று வலை வீசுவாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு சந்தையில் வலையை வாங்கி, ஒரு வருஷம் பாசியையும் சருகையும் பிடித்து, அப்புறம் கெண்டையும் கெளுத்தியும் பிடித்தவள். ஆம்பளைகள் வீசும் வலையைப் பொம்பளை வீசுகிறாளே என்று பேசியவர்களெல்லாம் திங்கட்கிழமை குழம்பு வாசனைக்குக் கிண்ணத்தோடு வந்தார்கள்.

ஊர் வாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பொம்பளைக்கு எது பிடிக்குமோ, அவளுக்கு வரும் கஷ்டத்துக்கெல்லாம் அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடும். ராசாத்தியின் விரலை ஆறுதான் தின்றது என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. ரைட்டரும் அதையே சொன்னார். மூக்கன் ஒருபடி மேலே போய், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் வலையைக் கொண்டுபோய்க் கரடியூரில் இருக்கும் தம்பி ஊட்டில் போட்டுவிட்டு வந்தான். கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவர்களோடு குடித்தனம் பண்ணுவதில் இருக்கிற கஷ்டமே வேறு.

கட்டுப் பிரித்த மறுவாரம் அவள் கரடியூருக்குப் போய் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். வாசலில் நின்ற மூக்கனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஏனுங்க, எனக்கு வேண்டியது ஒரு ஜோடி பூட்ஸுங்க. ஆத்தை எதுக்கு விடோணும்?"

ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சையத் இப்ராஹிம் பாய் செருப்புக்கடை. அவர் பாதி நாள் சரக்கெடுக்கச் சேலத்துக்குப் போய்விடுவார். கடையில் உட்காருவது அவர் சம்சாரம் ஜைனப். கணக்கான பேச்சுக்காரி. ராசாத்தி ஆற்றில் நிற்க பூட்ஸ் வேண்டும் என்றதும், ஜைனப் யோசிக்காமல் முழங்கால் உயரக் கருப்பு கம்பூட்டை எடுத்து வைத்தாள். எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர்கள் போடுவது, ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்றாள். நம்பிக்கை வரட்டும் என்று குடத்திலிருந்து தண்ணீரை எடுத்து பூட்டுக்குள்ளேயே ஊற்றித் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்க. ஒரு சொட்டு ஒழுகுதா?"

"இல்லீங்க்கா. அப்ப உள்ள வந்த தண்ணி வெளிய போகாதுங்களே. நான் நிக்கறது இடுப்பாழமுங்க."

ஜைனப் கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். முழங்கால் உயரத்து பூட்டை இடுப்புத் தண்ணீரில் போட்டால் காலில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு நிற்பது போலத்தான். இத்தனை வருஷம் கடை வைத்திருந்தும் இது தோன்றவில்லையே என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தண்ணீரை வாசலில் கொட்டினாள்.

அடுத்து வந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் கேன்வாஸ் ஷூ. ராசாத்தி அதைக் கையில் வாங்கி மடக்கினாள். சப்பாத்தி மாதிரி இரண்டாக மடங்கியது. ஏரிக்கு வருகிறவர்கள் உடைத்துப் போடும் பாட்டில் எல்லாம் மழைக்குக் கீழே வந்து ஆற்றில்தான் கிடக்கிறது, இந்த அடிப்பாகம் அதற்குத் தாங்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூன்றாவதாகப் பரணிலிருந்து இறங்கியது பட்டாளத்துக்காரர்கள் போடுகிற பச்சைக் கேன்வாஸ் பூட்ஸ். கணுக்காலுக்கு மேல் கட்டும் கயிறு. அடியில் விரல் கனத்துக்கு ரப்பர், அதில் ஆழமான வெட்டு. உள்பக்கம் ஓரமாகத் தண்ணீர் வடிய இரண்டு பித்தளை ஓட்டை. ராசாத்தி கட்டை விரல் நகத்தால் ரப்பரை அழுத்தினாள், தையலை இழுத்துப் பார்த்தாள், ஓட்டையில் ஊதிப் பார்த்தாள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன்கூட அவ்வளவு நேரம் எடுக்க மாட்டான்.

தினுசு கிடைத்துவிட்டது. இனி அளவு. இங்கேதான் தகராறு வந்தது.

நாமெல்லாம் செருப்பு வாங்கினால் போட்டு நாலடி நடப்போம், கடித்தால் கழற்றிவிடுவோம். கடிக்கிறது என்றே தெரியாத கால் என்ன செய்யும்? ராசாத்தி அதற்கு ஊட்டிலேயே யோசித்து வைத்திருந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து அரைத்த மஞ்சளை எடுத்தாள். கடையிலேயே உட்கார்ந்து வெள்ளிக்கிழமை குளித்தவள் போல இரண்டு பாதத்துக்கும் திட்டமாகப் பூசி, காயவிட்டு, பூட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஏரிவரைக்கும் போய் வருகிறேன் என்று நடக்கத் தொடங்கிவிட்டாள். ஜைனப் வாசலுக்கு ஓடிவந்து கூப்பிடுவதற்குள் பாதி ரோட்டைக் கடந்துவிட்டாள்.

திரும்பி வந்து கழற்றினால் குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மஞ்சள் அழிந்திருந்தது. அந்த ஜோடி ஆகாது. அடுத்த அளவை எடு என்றாள். மறுபடி மஞ்சள், மறுபடி ஏரி. இந்த முறை பெருவிரல் மேல் அழிந்திருந்தது. அதுவும் ஆகாது. ஜைனப்புக்குக் கோபம் தலைக்கேறியது. புது பூட்டுக்குள் மஞ்சளை அப்பிவிட்டால் அதை எவன் வாங்குவான், பாய் வந்து என்னைத்தான் கேட்பார், கால் அளவு பார்க்கிறாளா கடையைக் குளிப்பாட்டுகிறாளா என்று பொரிந்து தள்ளினாள். ராசாத்தி முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு இடது காலைத் தூக்கி ஸ்டூலின்மேல் வைத்தாள். விரல் இருந்த இடத்துத் தழும்பு ஜைனப்பின் முகத்துக்கு நேரே இருந்தது.

"என்ர காலு வாய் செத்ததுங்க்கா. மஞ்சளுதான் அதுக்குப் பேசுது. கேக்காம வாங்கிட்டுப் போனா அடுத்த வருஷம் ஒத்தை பூட்ஸுதான் கேட்டு வருவேன்."

ஜைனப் பரணில் ஏறி, மிச்சமிருந்த ஜோடிகளை எல்லாம் இறக்கினாள். மஞ்சள் பூசுவது ராசாத்தி, டார்ச் அடித்து உள்ளே கறை பார்ப்பது ஜைனப் என்று ஆயிற்று. ஐந்தாவது ஜோடி ஒரு பொட்டு அழியாமல் திரும்பி வந்தது. விரல் இல்லாத இடத்தில் கால் ஆடாமலிருக்கப் பழைய கம்பளித் துண்டை மடித்து ஜைனப்பே உள்ளே தைத்துக் கொடுத்தாள். அழுக்கான ஜோடிகளைப் பாய் என்ன செய்தார் என்று தெரியாது. மஞ்சள் உள்ள பூட்ஸ் ராசியானது என்று யாரிடமாவது விற்றிருப்பார்.

ஆடியிலிருந்து ராசாத்தி மறுபடி ஆற்றில் நின்றாள். பாசிப் பாறையில் அந்த ரப்பர் கவ்விப் பிடித்தது. கரையேறினால் இரண்டு ஓட்டையிலும் தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியே போகும். சேலையைச் செருகிக்கொண்டு பட்டாளத்து பூட்டோடு பொம்பளை வலை வீசுவதைப் பார்க்க செம்மநத்தத்திலிருந்துகூட ஆள் வந்தது. அவள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஊட்டுக்கு வந்ததும் மூக்கனின் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் காட்டிப் பார்ப்பாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, ஒரு கீறல் கிடையாது. ஊர் ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம் புண் வரும் என்று காத்திருந்தது.

வந்தது. மாசி மாதம் ஒரு சாயங்காலம் கண்ணாடியில் வலது உள்ளங்கால் தெரிந்தபோது, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. மூக்கன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பூட்டைக் கொண்டுபோய் அடுப்பில் போடு என்றான். ராசாத்தி புண்ணைச் சுற்றி மஞ்சளைப் பூசி, புண்மேல் சுத்தமான துணி வைத்து, பூட்டைப் போட்டு வாசலில் நடந்து பார்த்தாள். மஞ்சள் அப்படியே இருந்தது. துணியும் நகரவில்லை. பூட்ஸ் அந்த இடத்தில் உரசவே இல்லை.

மறுநாள் பஸ் பிடித்துச் சேலத்துக்குப் போனாள். டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, கோயிலில் தீ மிதித்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள். இது வெட்டும் இல்லை, கடியும் இல்லை, சூடு பட்ட காயம், நல்லவேளை மேலோடு போயிற்று, மூன்று வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார். போன வருஷத்துப் புண்ணும் இப்படித்தான் கொப்புளமாக ஆரம்பித்ததா என்று கேட்டார். அதை அவள் அப்போது பார்க்கவில்லை. அது வந்தது எந்த மாதம் என்று மட்டும் நினைவிருந்தது. அதுவும் மாசி.

ஆற்றில் எங்கே நெருப்பு? பஸ் வளைவு வளைவாக மலையேறும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள், கட்டுப்போட்ட காலோடு நொண்டி நேராகக் காப்பிக் களத்துக்குப் போனாள். உச்சி வெயில்.

மாசியில் பறித்த காப்பியைக் காயப்போடும் சிமெண்டுக் களம் அது. கூலிக்காரர்கள் எல்லாம் முன்னோர் காலத்தில் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நெல்லுக் களத்தில் செருப்போடு ஏறினால் லட்சுமி போய்விடுவாள் என்று பழகியவர்கள். மலைக்கு வந்து நெல் போய்க் காப்பி வந்தாலும், அந்த மரியாதை மட்டும் கூடவே வந்துவிட்டது. தாங்கள் ஒரு வாய் குடிக்காத காப்பிக்காகச் செருப்பை ஓரத்தில் விட்டு, காலைக் கழுவிக்கொண்டு ஏறி, காலாலேயே கொட்டையைத் துழாவிவிடுவார்கள். ரைட்டருக்கும் அது சௌகரியம், கொட்டையில் மண் சேராது. உச்சியில் மற்ற பொம்பளைகள் சூடு தாங்காமல் சாக்கை விரித்து நிழலுக்கு ஓடிவிடுவார்கள். ராசாத்தி மட்டும் நிற்பாள். வெயிலில் நிற்க ராசாத்தி மாதிரி ஆள் கிடையாது என்று ரைட்டர் நாலு பேர் முன்னால் சொல்வார், மத்தியான முறையை அவளுக்கே கொடுப்பார். அவளுக்கும் அதில் பெருமை. இரண்டு வருஷமாக அந்தப் பெருமைக்காகவே நின்றிருக்கிறாள்.

களத்தின் ஓரத்தில் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை வேண்டுமென்றே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை எடுக்காமல் இருந்தாள். பிறகு சிவந்த கையைப் பார்த்துக்கொண்டே ஊட்டுக்குப் போனாள். அழுதாள். காலுக்காக இல்லை, ஏமாந்ததற்காக.

மூன்று வாரம் கழித்துப் புண் ஆறியது. பங்குனி முதல் வாரம் மத்தியானம் அவள் களத்துக்கு வந்தாள். ஓரத்தில் கால் கழுவ வைத்திருந்த தண்ணீரில் பூட்ஸின் அடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், வெட்டுகளில் இருந்த மண்ணைக் குச்சியால் எடுத்தாள், துடைத்தாள். அப்படியே களத்தில் ஏறி, காலுக்குப் பதிலாக ஒரு பலகையால் கொட்டையைத் துழாவத் தொடங்கினாள். நிழலில் இருந்த பொம்பளைகளில் ஒருத்தி, இது பாவம் புள்ள, இறங்கிடு என்றாள். கொட்டகை நிழலில் நாற்காலி போட்டிருந்த ரைட்டர் எழுந்து வந்து களத்து விளிம்பில் நின்றார்.

"காப்பிமேல பூட்ஸோட ஏறுவியா? கழட்டு. இல்லாட்டி நாளையிலிருந்து பேர் கூப்புட மாட்டேன்."

"கழட்ட மாட்டனுங்க ரைட்டரய்யா."

"ஆத்துல இறங்கிக் காலைக் கெடுத்துக்கிட்டு வந்து, களத்துல திமிரு காட்டறியா?"

ராசாத்தி இழுத்துக்கொண்டிருந்த பலகையை நிறுத்தினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"ஆறு என்ர காலைத் தொடலீங்க. ரெண்டு விரலையும் இந்தக் களந்தான் தின்னுச்சு. நீங்க மெச்சினீங்க, நான் நின்னேன். நீங்களும் செருப்பைக் கழட்டிப்போட்டுட்டு இங்க வந்து நில்லுங்க. நான் நூறு எண்ணறேன். நூறு வரைக்கும் நின்னுட்டீங்கன்னா, நானும் கழட்டறேன்."

ரைட்டர் குனிந்து தரையைப் பார்த்தார். அவள் பலகையைக் காப்பிக்குள் இறக்கி இழுத்துக்கொண்டே சத்தமாக எண்ணத் தொடங்கினாள். களத்தின் இந்தக் கோடிக்கு வரும்போது முப்பது. அந்தக் கோடியில் திரும்பும்போது அறுபது. நூறு என்று சொல்லி நிமிர்ந்தபோது ரைட்டரின் செருப்பு காலிலேயே இருந்தது.